ஆறு வாரத்தில் 4 மணி நேரத்துக்குள் மாரத்தான்: பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: வயது 43, எடை 68 கிலோ. செங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். போன செப்டம்பரில் முதல் மாரத்தானை 4 மணி 22 நிமிடத்தில் முடித்தேன். டிசம்பரில் 4:31, ஜனவரியில் 4:47. அரை மாரத்தானில் (21.1 கி.மீ.) என் சிறந்த நேரம் 2:02. செவ்வாய், வியாழன் தலா 6 கி.மீ., ஞாயிறு 26 கி.மீ. ஓடுகிறேன். மார்ச் கடைசியில் கேரளக் கடலோரத்தில் நடக்கும் மாரத்தானுக்குக் கட்டணம் கட்டியாகிவிட்டது. திருப்பித் தர மாட்டார்களாம். வாட்ஸ்அப்பில் பயிற்சி தரும் ஒருவர், "அண்ணாச்சி, ஆறு வாரம் என் கையில விடுங்க, 4 மணிக்குள்ள முடிச்சிருவீங்க" என்கிறார். அட்டவணை, கார்பன் பிளேட் ஷூ (அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஷூ), ஒரு பவுடர் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். சேரலாமா? என் நேரம் ஏன் கூடிக்கொண்டே போகிறது?

பதில்: சேர வேண்டாம். மார்ச் மாரத்தானைப் போட்டியாக ஓடவும் வேண்டாம். 4 மணி நேரம் உங்களுக்கு எட்டாத இலக்கு அல்ல, ஆனால் அது அடுத்த ஜனவரிக்கான வேலை.

நேரம் கூடுவதற்குக் காரணம் வயதும் இல்லை, மன உறுதிக் குறைவும் இல்லை. 42.195 கி.மீ. முழு முயற்சியோடு ஓடினால் தொடைத் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. படி இறங்கும்போது வரும் வலி நாலைந்து நாளில் போய்விடும். தசையின் பலம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அதற்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். வலி போனதைக் குணமானதாக எடுத்துக்கொள்வதுதான் தொடர்ந்து மாரத்தான் ஓடுகிறவர்கள் பலரும் விழுகிற பள்ளம். டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே உங்களுக்கு இருந்தது ஏறக்குறைய ஆறு வாரம். முதல் மூன்று வாரம் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டிய காலம். கடைசி இரண்டு வாரம் போட்டிக்காக ஓட்டத்தைக் குறைக்க வேண்டிய காலம். பயிற்சிக்கு மிஞ்சியது ஒரே வாரம். அந்த ஒரு வாரத்தில் யாருக்கும் வேகம் கூடாது. இப்போது அதே கணக்கை மார்ச்சுக்கும் போடப் பார்க்கிறீர்கள். முழு வேகத்தில் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான் போதும்.

அடுத்து, 4 மணி நேரம் என்றால் என்ன என்று பாருங்கள். ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 விநாடியில் ஓட வேண்டும். உங்கள் சிறந்த நேரமான 4:22-க்குக் கிலோமீட்டருக்கு 6:13 வருகிறது. 42 கிலோமீட்டரிலும் ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் குறைக்க வேண்டும். அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்கினால், ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர் முழு மாரத்தானில் எதிர்பார்க்கக்கூடிய நேரம் கிடைக்கும். உங்கள் 2:02-க்கு அது 4:14. அதாவது எல்லாம் சரியாக அமைந்தாலும் இன்றைய உடல்நிலைக்கு 4:14தான். 1:55 ஓடினால் கணக்கு 4 மணியை உரசிக்கொண்டு நிற்கும். வெயில், ஏற்றம், தண்ணீருக்கு நிற்கும் நேரம் எதற்கும் இடமிருக்காது. 1:52 ஓடினால்தான் 4 மணியைப் பற்றிப் பேசலாம். இந்தப் பெருக்கலைக்கூடப் போட்டுக் காட்டாமல் 18,000 ரூபாய் கேட்கிறவரிடம் என்ன பயிற்சியை எதிர்பார்க்க முடியும்?

"உறுதி" என்ற சொல் வந்தாலே விலகிவிடுங்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் உங்கள் பழைய ஓட்டப் பதிவுகளைக் கேட்பார், தூக்கம், ரத்த அழுத்தம், பழைய காயம் பற்றி விசாரிப்பார், "இப்போது வேண்டாம்" என்று சொல்லவும் தயங்க மாட்டார். ஷூ விற்க மாட்டார். இந்த மூன்று பொருள் தொகுப்பில் லாபம் இருப்பது ஷூவிலும் பவுடரிலும்தான். அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பெயர் மாற்றி அனுப்புவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கார்பன் பிளேட் ஷூ வேகமாக ஓடுகிறவர்களுக்குப் பலன் தருவது உண்மை. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் எடுப்பவருக்குப் பலன் குறைவு. பழகாத கெண்டைக்காலுக்கும் பாத எலும்புக்கும் சுமை கூடும். போலிகளும் சந்தையில் ஏராளம். பவுடர் டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், உள்ளடக்கப் பட்டியல் மூன்றும் இல்லாவிட்டால் வாயில் வைக்கவே வேண்டாம்.

இவர்கள் அடுத்து செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் 4 மணிக்குள் வராவிட்டால், "வேகமான தடம் ஒன்று இருக்கிறது, பிப் வாங்கித் தருகிறேன்" என்பார்கள் (பிப் என்பது மார்பில் குத்திக்கொள்ளும் போட்டி எண் அட்டை). அந்த வேகமான தடம் பல நேரங்களில் தூரம் குறைந்த தடம். முறையாக அளந்த தடத்தில், சக்கரச் சுற்றை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து அளந்து, குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூடுதலாகவே வைப்பார்கள். மாரத்தானில் அது 42 மீட்டர். அப்படி அளந்த தடத்தில் வளைவுகளை அகலமாக எடுக்கும் சாதாரண ஓட்டக்காரரின் கைக்கடிகாரம் 42.4, 42.6 கி.மீ. காட்டும். முடிவுக் கோட்டில் கடிகாரம் 41.3 காட்டினால் 900 மீட்டரைக் காணோம் என்று பொருள். உங்கள் இலக்கு வேகத்தில் அது ஐந்து நிமிடம். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த இலக்கை நிர்ணயித்தால் அடுத்த போட்டியில் 30-ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவீர்கள். பதிவு செய்வதற்கு முன், உலகத் தடகள அமைப்பும் ஏய்ம்ஸ் (AIMS) என்ற சர்வதேச மாரத்தான் கூட்டமைப்பும் ஏற்கும் அளவுச் சான்று தடத்துக்கு இருக்கிறதா என்று அமைப்பாளரைக் கேளுங்கள். காரின் கிலோமீட்டர் மீட்டரில் அளந்தோம் என்றால் அந்த நேரத்தை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இறக்கமும் அப்படித்தான். 2011-இல் பாஸ்டனில் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-இல் ஓடினார். அன்றைக்கு உலகிலேயே அதுதான் மிக வேகமான மாரத்தான். ஆனால் தடம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அதிகம் இறங்குவதாலும், தொடங்கும் இடமும் முடியும் இடமும் வெகு தூரம் விலகி இருப்பதாலும் உலக சாதனையாக ஏற்கவில்லை. கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு மலைச்சாலையில் இறங்கி ஓடிய வேகத்தை வைத்து உங்கள் மாரத்தான் நேரத்தை மதிப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்னொருவர் பெயரில் உள்ள பிப்பை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நீங்கள் மயங்கி விழுந்தால் முதலுதவிக் கூடாரத்தில் அவருடைய ரத்த வகையும் அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணும்தான் இருக்கும். நேரமும் அவர் பெயரில் பதிவாகும். கண்டுபிடித்தால் இருவரையும் தடை செய்யக்கூடும்.

போட்டிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் ஓட்டக் குழுக்களில் காப்பி குடிப்பதுபோல் பரவியிருக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து நீர் வற்றிய உடம்பில், தசைக் கழிவுகள் ரத்தத்தில் கலந்திருக்கும் நேரத்தில், இது சிறுநீரகத்தையே நிறுத்திவிடலாம். யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

அமைப்பாளர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 5 கி.மீ. ஓட்டத்துக்கும் மாரத்தான் என்று பேனர் கட்டுகிறார்கள். ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டத்தைச் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்கும்வரை முக்கால் மணி நேரம்கூட நிறுத்தி வைக்கிறார்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்கான விலையைக் கடைசி 10 கிலோமீட்டரில் வெயிலில் ஓடுகிறவர்தான் கொடுக்கிறார். மருத்துவச் சான்று கேட்கிறார்கள். நாடிகூடப் பிடிக்காமல் கையெழுத்திட்டுத் தரும் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாளை நம்பாதீர்கள். 40 தாண்டியவர் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், டிரெட்மில் சோதனையும் செய்த பிறகே தொடருங்கள்.

மார்ச்சுக்குக் கட்டிய பணம் வீண்தானா? ஒரு வழி இருக்கிறது. கேட்கச் சுலபமாக இருப்பதால் இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். முதலில், அரை மாரத்தானுக்கு மாற்றித் தரச் சொல்லி அமைப்பாளருக்கு எழுதுங்கள். பலர் மாற்றித் தருவார்கள். மாற்றாவிட்டால் முழு மாரத்தானின் தொடக்கக் கோட்டில் நின்று, அதை ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டமாக மட்டும் ஓடி, 21 முதல் 25 கிலோமீட்டருக்குள் வெளியேறலாம். வேகம் கிலோமீட்டருக்கு 6:50-க்கும் 7:10-க்கும் நடுவில். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். கேரளக் கடலோரத்தில் மார்ச் கடைசியில் விடியும்போதே 25 டிகிரியை ஒட்டி இருக்கும், காற்றில் ஈரமும் அதிகம். அதைவிட வேகமாகப் போனால் அது பயிற்சியாக இருக்காது. எந்த இடத்தில் வெளியேறுவது என்று முதல் நாளே வரைபடத்தில் குறியுங்கள். தடம் தங்கும் விடுதிப் பக்கமாகத் திரும்பும் இடமாகவோ, பேருந்து நிலையத்துக்கு அருகிலோ இருக்கட்டும். சட்டைப் பையில் 200 ரூபாயும் கைபேசியும் இருக்க வேண்டும். வெளியேறியதும் அருகில் உள்ள தன்னார்வலரிடம் பிப் எண்ணைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்களைத் தேடுவார்கள். முந்தின வாரம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கணுக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழியும் கிடையாது. முக்கியமாக, 25-ஆவது கிலோமீட்டரில் உடம்பு லேசாக இருக்கும். "இன்னும் 17தானே, பதக்கத்தை வாங்கிவிடலாம்" என்று தோன்றும். அந்த 17 கிலோமீட்டர்தான் அடுத்த நான்கு வாரத்தைத் தின்னும். அந்த இடத்தில் நின்றுவிடுவேன் என்ற நம்பிக்கை உங்களுக்கு இல்லையென்றால் ஊரிலேயே இருந்து 20 கி.மீ. ஓடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. வாரத்துக்கு 38 கி.மீ. ஓடுவதில் 26-ஐ ஒரே நாளில் ஓடுகிறீர்கள். மூன்றில் இரண்டு பங்கு சுமையை ஒரு காலையில் ஏற்றினால் கால் திங்கள், செவ்வாய், புதன் வரை அதிலிருந்து மீளத்தான் உழைக்கும். ஞாயிறு ஓட்டத்தை இப்போதைக்கு 16 ஆகக் குறைத்து, மிச்சத்தை நான்கு நாளுக்குப் பிரியுங்கள். ஏப்ரலிலிருந்து வாரக் கணக்கு 38, 42, 45 என்று ஏறட்டும், நான்காம் வாரம் 34-க்கு இறக்குங்கள். பிறகு 48, 52, 55, மறுபடி 42. இந்த எட்டு வாரமும் எல்லா ஓட்டமும் கிலோமீட்டருக்கு 6:40 அல்லது அதைவிட மெதுவாகவே. மெதுவாக ஓட வெட்கப்படுவதால்தான் பலர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

ஜூன் பிறந்தால் மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும்: சாரல். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெந்துகொண்டிருக்கும்போது செங்கோட்டை, தென்காசிப் பக்கம் நல்ல பயிற்சி வானிலை. அப்போது செவ்வாய்தோறும் வேக ஓட்டம் சேருங்கள்: 2 கி.மீ. மெதுவாக, பிறகு 1,000 மீட்டரை 5:20-இல் ஐந்து முறை, நடுவே மூன்று நிமிட மெல்லோட்டம். வியாழன் 5:40 வேகத்தில் 20 நிமிடம் தொடர்ச்சியாக. மற்ற நாட்கள் பழையபடி. மலைக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து வீசும்; போகும்போது எதிர்காற்று, வரும்போது சாதகக் காற்று என்று திட்டமிடுங்கள், களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிராது. ஆனால் புளியரைச் சாலையில் இருட்டில் ஓடாதீர்கள். கனிம லாரிகள் போகும் தேசிய நெடுஞ்சாலை அது. பண்பொழி, வடகரைப் பக்கம் வயல்வெளிச் சாலைகள் இருக்கின்றன. ஒளிரும் பட்டி அணிந்து, வண்டிகளுக்கு எதிர்ப்புறமாக ஓடுங்கள்.

செப்டம்பர் நடுவிலிருந்து 16 வாரம் மாரத்தான் பயிற்சி. ஞாயிறு ஓட்டம் படிப்படியாக 30 வரை போகலாம், மூன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கடைசி மூன்று வாரத்தில் தூரத்தைப் பாதிவரை குறையுங்கள்.

சாப்பாட்டில் ஒரு கணக்கு மட்டும். ஓட ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி செலவாகும். 68 கிலோவுக்கு 42 கிலோமீட்டரில் 2,900 கலோரி. தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான். 30-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு கால் இரும்பாவது இதனால்தான். முதல் முக்கால் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து போக வேண்டும்: அரை லிட்டர் தண்ணீரில் 40 கிராம் வெல்லமும் ஒரு கிராம் உப்பும் கரைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும், அல்லது நடுத்தர வாழைப்பழம் ஒன்றரை. கடலைமிட்டாய் வேண்டாம், கொழுப்பு அதிகம், ஓடும்போது செரிக்காது. ஞாயிறு ஓட்டங்களில் பழகிய பிறகே போட்டியில் சாப்பிடுங்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒவ்வொரு மேசையிலும் தண்ணீரை வலிந்து குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஓட்டம் முடிந்து எடை பார்த்தால், புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடியிருக்கக் கூடாது.

அக்டோபர் கடைசியில் அளவுச் சான்று உள்ள ஓர் அரை மாரத்தானை ஓடிப் பாருங்கள். 1:52 வந்தால் ஜனவரியில் 4 மணி இலக்கோடு நில்லுங்கள். 1:55 முதல் 1:58 வந்தால் 4:10-ஐ இலக்காக வையுங்கள். அந்த அரை மாரத்தான் முடியும்வரை ஜனவரிப் போட்டியைத் தவிர வேறு எந்த மாரத்தானுக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.