போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது
வணக்கம். தர்மபுரியில் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம், அப்படியும் ஐந்து வயதுப் பையனின் பல்லில் பழுப்புக் கோடு என்று எழுதியிருக்கிறீர்கள். கொதித்தால் கிருமிதான் சாகும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும், அளவு மீறினால் பல்லில் கறை படியவைக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடவும் செய்யும். முதலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதியுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க மட்டுமல்ல, சோறு பருப்பு வேகவைக்கவும் வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருகிறதா? அதைச் சமையலுக்கும் சேர்த்துப் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும். ஆர்ஓ போட்டாலும் சரி. சாதாரண கேண்டில் ஃபில்டர் இதற்கு உதவாது. அப்புறம், பையனைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோடு நிஜமாகவே ஃபுளோரைடால்தானா என்று அவர்தான் சொல்ல முடியும். ஆனால் அதுவரை காத்திருக்காமல் தண்ணீரை இன்றே மாற்றுங்கள், இனி முளைக்கப்போகும் பற்களையாவது காப்பாற்றலாம்.