வாசகர் கேள்வி – பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் கம்பைல் ஆக மறுப்பது ஏன்?

கேள்வி: லினக்ஸ் வகையான உபுண்டு 22.04-இல், ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.5-க்கு மாறியதிலிருந்து எந்த மெஷினைத் திறந்தாலும் 'கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு, ஆர்சி=-1908' என்று வருகிறது. நீக்கிவிட்டு மறுபடி போட்டும் தீரவில்லை.

பதில்: எத்தனை முறை போட்டாலும் தீராது. கோளாறு கம்பைலரில், அதாவது சோர்ஸ் கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கருவியில் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸுக்கு 'விபாக்ஸ்டிஆர்வி' என்ற கெர்னல் மாட்யூல் (கெர்னலோடு இணைந்து ஓடும் துண்டு) வேண்டும். கெர்னல் மாறும்போதெல்லாம் அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே புதிதாகக் கம்பைல் ஆகிறது. அப்போது கெர்னலைக் கம்பைல் செய்யப் பயன்பட்ட ஆப்ஷன்களே இதற்கும் போகும். 22.04-உடன் வரும் கம்பைலர் ஜிசிசி 11. ஆனால் அதற்கான 6.5 கெர்னல் ஜிசிசி 12-இல் கம்பைல் ஆனது. அந்த ஆப்ஷன்களில் ஒன்று '-எஃப்டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஜீரோ'. மதிப்புக் கொடுக்காமல் விட்ட லோக்கல் வேரியபிள்களைப் பூஜ்யமாக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. ஜிசிசி 12-இல்தான் அறிமுகமானது. 11-க்கு அது தெரியாததால் முதல் ஃபைலிலேயே நின்றுவிடுகிறது.

உறுதி செய்துகொள்ள, 'வார்' ஃபோல்டருக்குள் 'லாக்' என்பதில் இருக்கும் 'விபாக்ஸ்-செட்அப்.லாக்' ஃபைலைத் திறந்து பாருங்கள். உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜ் என்றால் டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது மாட்யூல்களைக் கம்பைல் செய்யும் கருவி) ஃபோல்டரில் உள்ள 'மேக்.லாக்'. 'அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்' என்ற வரி இருந்தால் இதுதான் காரணம். கெர்னலை எந்தக் கம்பைலர் உருவாக்கியது என்பதை 'ப்ராக்' ஃபோல்டரில் உள்ள 'வெர்ஷன்' ஃபைல் சொல்லிவிடும்.

பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக ஜிசிசி-12, மேக், பெர்ல், இப்போது ஓடும் கெர்னலுக்கான ஹெடர்ஸ் ஆகியவற்றைப் போடுங்கள். பிறகும் 'ஜிசிசி --வெர்ஷன்' 11 என்றே காட்டினால் 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' மூலம் 11, 12 இரண்டையும் பதிவு செய்து 12-ஐத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் பதிவு செய்வது முக்கியம். உங்கள் மற்ற புரோகிராம்களுக்கு 11 தேவைப்பட்டால் ஒரே கமாண்டில் திரும்பலாம். கடைசியாக, சூடோவுடன் (நிர்வாகி உரிமையில்) 'விபாக்ஸ்கான்ஃபிக்' கொடுத்து மாட்யூலை மறுபடி கம்பைல் செய்யுங்கள். உபுண்டு பேக்கேஜுக்கு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்'.

கம்பைல் முடிந்தும் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் காரணம் செக்யூர் பூட், நம்பகமான கையெழுத்தில்லாத மாட்யூலை ஏற்க மறுக்கும் பாதுகாப்பு. மாட்யூலில் கையெழுத்திடும் சாவியை 'மோக்யூட்டில் --இம்போர்ட்' மூலம் ஒப்படைத்து, ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில விநாடிகளே நிற்கும், தவறவிடாதீர்கள்.

கேள்வி: இலவச விர்ச்சுவல்பாக்ஸில் யுஎஸ்பி கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் உண்மை. 2007-இல் வந்த ஓப்பன் சோர்ஸ் பதிப்பில் யுஎஸ்பி ஆதரவே இல்லை. 2010 டிசம்பரில் வந்த 4.0, அடிப்படைப் பேக்கேஜை ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தில் தந்து, யுஎஸ்பி 2.0-ஐ 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற தனிப் பொதிக்குள் வைத்தது; பின்னால் வந்த 3.0-உம் அங்கேயே சேர்ந்தது. 2022 அக்டோபரில் வெளியான 7.0-இல் இரண்டுமே அடிப்படைப் பேக்கேஜுக்கு வந்துவிட்டன. 6.1 வைத்திருப்பவர்கள் பொதி போடாவிட்டால் யுஎஸ்பி 1.1-தான், நொடிக்கு 12 மெகாபிட். பென் டிரைவ் அதில் நத்தையாக ஊரும்.

7.0 இருந்தும் பென் டிரைவ் தெரியவில்லையென்றால் உங்கள் யூசர் 'விபாக்ஸ்யூசர்ஸ்' குரூப்பில் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். 'யூசர்மாட் -ஏஜி' கொடுத்துச் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இந்த லாக் அவுட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் சர்வர், டிஸ்க் என்கிரிப்ஷன் ஆகியவை இன்னமும் அந்தப் பொதியில்தான். அதன் உரிமம் சொந்த உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். அலுவலகக் கம்ப்யூட்டரில் 'இலவசம்தானே' என்று போட்டுவிடாதீர்கள், நிறுவனம் காசு கட்ட நேரும். பொதியின் பதிப்பு எண்ணும் விர்ச்சுவல்பாக்ஸின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: மாட்யூல் கம்பைல் ஆகிவிட்டது. கெர்னல் 6.12-இல் 'விஎம்எக்ஸ் ரூட் மோட்' பிழை வருகிறதே?

பதில்: 6.12 முதல் கேவிஎம் (லினக்ஸ் கெர்னலின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதி) மாட்யூல் லோடான உடனேயே பிராசஸரின் விர்ச்சுவலைசேஷனைத் தன்வசம் எடுத்துக்கொள்கிறது; விர்ச்சுவல்பாக்ஸுக்கு அது கிடைப்பதில்லை. கேவிஎம்மை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால் 'ஆர்எம்மாட் கேவிஎம்_இன்டெல்' போதும். நிரந்தரமாக வேண்டுமானால் பூட் லோடரான கிரப்பில் 'கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0' சேருங்கள்.

கேள்வி: ஜிபிஎல் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை டெபியன் (இன்னொரு லினக்ஸ் வகை) ஏன் முழுக்கச் சுதந்திரமான 'மெயின்' பிரிவில் வைக்காமல் 'கான்ட்ரிப்'பில் வைத்திருக்கிறது?

பதில்: அதற்கும் கம்பைலர்தான் காரணம். மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் அதன் பயாஸ் பகுதியைக் கம்பைல் செய்ய ஓப்பன் வாட்காம் என்ற கம்பைலர் வேண்டும். ஓப்பன் வாட்காமின் உரிமம் டெபியனின் சுதந்திர மென்பொருள் விதிகளுக்குள் அடங்காது. முன்பே கம்பைல் செய்து அசெம்ப்ளியாக்கிய பயாஸ் சோர்ஸோடு வருவதால் பேக்கேஜை உருவாக்க முடிகிறது; ஆனால் பயாஸைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய அந்தக் கம்பைலர் இல்லாமல் வழியில்லை. டெபியன் செய்தது சரியே. முழுக்கச் சுதந்திரமான கருவிகளால் உருவாக வேண்டும் என்பவர்களுக்குக் கேவிஎம்மும் அதோடு சேர்ந்து மெஷினை ஓட்டும் க்யூஎமுவும் இருக்கின்றன. மாட்யூல் கெர்னலோடே வருவதால் முதல் கேள்வியின் தொல்லையும் அங்கே இல்லை.