அம்மாவின் நேர்ச்சையும் என் அழைத்தலும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

பாம்பன் அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த 22 வயது இளைஞன் நான். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, மீன் வாங்கி அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவின் படகு புயலில் சிக்கிக் கரை திரும்பவில்லை. அப்போது அம்மா, ஓரியூரில் மறைசாட்சியாக உயிர் கொடுத்த புனித அருளானந்தரிடம், 'அவரைக் கரை சேர்த்துவிடும், இவனைச் சாமியாராகக் கொடுத்துவிடுகிறேன்' என்று நேர்ந்துகொண்டார். அப்பா வந்து சேர்ந்தார். நன்றி சொல்லப் போனபோது அங்கிருந்து அள்ளிவந்த செம்மண், மாதா படத்தின் கீழே ஒரு சிறு டப்பாவில் இன்றும் இருக்கிறது.

குருவாக வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. தவக்காலத்தில் பங்குத்தந்தை நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோனபோது நானும் உடன் சென்றேன். படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர் ஒருவர், வலை இழுத்துக் காய்த்துப்போன கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எழுந்துவர எனக்கும் மனம் வரவில்லை. ஆனால், காற்று பலத்து அப்பா கடலில் இருக்கும் இரவுகளில், குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்துக்கு நான் போகாவிட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் நெஞ்சை அடைக்கிறது. என்னை அழைப்பது கடவுளா, இந்தப் பயமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கோடை விடுமுறையில் நடக்கும் தேவ அழைத்தல் முகாமுக்கு நான் போகலாமா?

*

அன்புத் தம்பிக்கு,

பயத்தைப் பற்றியே முதலில் பேசுவோம். தகப்பனின் உயிருக்கு ஈடாகத் தன்னைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு வளரும் பிள்ளை, அந்த உயிரைக் காக்கும் பொறுப்பும் தன்னுடையதே என்று நம்பிவிடுகிறது. அது ஒருபோதும் உங்கள் பொறுப்பாக இருந்ததில்லை. திருச்சபையும் இதைத்தான் சொல்கிறது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1193-ஆம் சட்டம். குருப்பட்டம் பெறும்படி யாரையும், எக்காரணத்துக்காகவும், கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 1026-ஆம் சட்டம்.

உங்கள் அம்மா வேண்டிக்கொண்ட அருளானந்தருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சிறுவயதில் அவர் கடும் நோயுற்றபோது அவருடைய தாய் புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார்; குணமானதும் ஓராண்டு காலம் மகனுக்கு, சவேரியார் சேர்ந்திருந்த இயேசு சபைத் துறவியரின் அங்கியை அணிவித்தார். தாயின் நேர்ச்சை அதோடு நிறைவேறிவிட்டது. பின்னாளில் சபையில் சேர்ந்தது மகனின் சொந்த முடிவு. அவர் இந்தியாவுக்குப் புறப்பட முனைந்தபோது அதே தாய் தடுத்துப் பார்த்தார். ஆனாலும் அவர் 1673-இல் கப்பலேறினார், 1693-இல் ஓரியூரில் உயிர் கொடுத்தார்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். அந்த முதியவரின் அருகில் இருந்தபோது நேர்ச்சையோ பயமோ நினைவுக்கு வந்ததாக நீங்கள் எழுதவில்லை. அங்கே இருந்த ஆசை உங்களுடையது என்றே நினைக்கிறேன். ஆயினும் அது குருத்துவத்துக்கான ஆசைதானா என்பது வேறு கேள்வி. நோயாளியின் அருகில் இருக்க ஒரு செவிலியராலும், குடும்பஸ்தராலும் முடியும். நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றுவது, பிறருடைய பாவங்களைக் கேட்டு மனத்துக்குள்ளேயே வைத்திருப்பது, மனைவி மக்கள் இல்லாமல் வாழ்வது, உங்கள் கடற்கரையை விட்டு ஆயர் அனுப்பும் ஏதோ ஓர் ஊருக்குப் போவது ஆகிய இவற்றையெல்லாம் காற்று அமர்ந்த ஒரு பகல்வேளையில் நினைத்துப் பாருங்கள். மனம் சுருங்குகிறதா, விரிகிறதா? கலங்கிய நேரத்தில் முடிவுகளை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த விதி. பயந்த இரவில் புதிய முடிவும் எடுக்க வேண்டாம் என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

முகாமுக்குப் போங்கள். அது வாக்குறுதி ஆகாது. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் மட்டுமே குறைந்தது 6 ஆண்டுகள்; பொதுவாக 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை. சோதித்துப் பார்க்கத்தான் இத்தனை காலம், இடையில் வெளியேறுவது இழிவும் அன்று. நேர்ச்சையைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் ஓர் ஆன்ம வழிகாட்டியிடம் மறைக்காமல் பேசுங்கள்.

அம்மாவை நீங்களே எதிர்த்து வாதாட வேண்டாம். அன்று அவர் பட்ட பாடு பெரிது. தகுந்த காரணம் இருந்தால் இத்தகைய தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து ஒருவரை விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. முகாமுக்குப் பெயர் கொடுக்கும் முன்பே அவரைச் சந்தித்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசும்படி கேளுங்கள்.