“யார் போட்ட காசு?” என்று வங்கி கேட்டால்

கேள்வி: கோண்டாவிலில் இருக்கிறேன். கனடாவில் இருக்கிற அண்ணா எங்கள் பழைய வீட்டைத் திருத்தவும் பக்கத்துக் காணியை வாங்கவும் காசு அனுப்புகிறார். ஸ்காபரோவில் ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால் மறுநாள் என் கணக்கில் ரூபாய் விழும். போடுகிறவர்களை எனக்குத் தெரியாது. கொழும்பு, நீர்கொழும்பு, ஒருமுறை மாத்தறையில் இருந்தும் போட்டிருக்கிறார்கள். போன மாதம் வங்கியில் கூப்பிட்டு, இவர்கள் யார், என்ன தேவைக்கு என்று கேட்டு ஒரு படிவம் தந்தார்கள். 10 இலட்சத்துக்குக் கீழே பிரித்துப் போடுவித்தால் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கணக்கை மூடிவிட்டு வேறு வங்கிக்குப் போகட்டா?

பதில்: மூடாதீர்கள். கேள்வி வந்த கையோடு கணக்கை மூடுவதே சந்தேகத்தைக் கூட்டும். அடுத்த வங்கியிலும் இதே படிவம்தான் இருக்கும்.

படிவத்தை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. வாடிக்கையாளர் யார், காசு எங்கிருந்து வருகிறது என்று அறிந்து வைத்திருப்பது வங்கியின் சட்டக் கடமை. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டமும், 2016 இல் வந்த வாடிக்கையாளர் விழிப்புக்கவன விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. உங்களைக் கேட்ட உத்தியோகத்தர் கேட்காமல் விட்டிருந்தால் அவருக்குத்தான் கரைச்சல்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உங்கள் கணக்கில் விழுந்தது அண்ணாவின் காசு இல்லை. அவர் கொடுத்த டொலர் கனடாவிலேயே நிற்கிறது. இங்கே ரூபாய் போட்டவர், அந்த டொலர் வெளிநாட்டில் தேவைப்படுகிற யாரோ. பொருள் இறக்குமதி செய்து சுங்கத்துக்கு விலையைக் குறைத்துக் காட்டுகிற வியாபாரியாக இருக்கலாம். போதைப்பொருள் விற்ற காசை எங்காவது தள்ளிவிட வேண்டியவனாகவும் இருக்கலாம். ஸ்காபரோவில் டொலரை வாங்குகிறவர் உண்டியல்காரர், அதாவது வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுக்கிறவர். அவர் இரண்டு பக்கத்தையும் பொருத்திவிட்டுத் தரகை எடுக்கிறார். நாளைக்கு மாத்தறைக்காரரைப் பொலிஸ் பிடித்தால் அவருடைய வங்கிப் பதிவில் உங்கள் பெயர் இருக்கும். உண்டியல்காரரின் பெயர் எங்கும் இருக்காது.

அப்படி ஒரு விசாரணை வந்தால், சந்தேகத்துக்குரிய கொடுக்கல்வாங்கலை 7 நாள் வரை நிறுத்தி வைக்கும்படி மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு உங்கள் வங்கிக்குக் கட்டளையிடலாம். அதற்கு மேல் நீட்டுவதென்றால் மேல் நீதிமன்றம் போக வேண்டும். மேசனுக்குக் கூலி கொடுக்கிற கிழமையில் இது நடந்தால் என்ன செய்வீர்கள்?

10 இலட்சம் பற்றிச் சொன்னவர் அரைவாசிதான் அறிந்திருக்கிறார். 10 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் காசாகவோ மின்னணுப் பரிமாற்றமாகவோ போனால் வங்கி அதை உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அது வெறும் பதிவு, குற்றச்சாட்டு இல்லை. காணி விற்றவர், டிராக்டர் வாங்கியவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஆனால் சந்தேகம் என்று வங்கி நினைத்தால் தொகைக்கு எல்லையே கிடையாது. 9 இலட்சம், 9 இலட்சம் என்று வேறு வேறு பெயரில் வருவதைத்தான் வங்கிகளின் கணினி முதலில் பிடிக்கும். இருக்கிற சிக்கலைப் பெரிதாக்குகிற யோசனை அது. இன்னொன்று: “என்னைப் பற்றி மேலே அறிவித்துவிட்டீர்களா” என்று முகாமையாளரை நெருக்காதீர்கள். அதை வாடிக்கையாளரிடம் சொல்வது அவருக்குக் குற்றம்.

ஏன் இப்போது இவ்வளவு இறுக்கம் என்று கேட்பீர்கள். 2017 இல் நிதி நடவடிக்கைச் செயலணி என்ற சர்வதேச அமைப்பு இலங்கையைச் சாம்பல் பட்டியலில், அதாவது கறுப்புப் பணத்தைத் தடுப்பதில் குறைபாடுள்ள நாடுகளின் பட்டியலில், போட்டது. வெளியே வர 2019 ஒக்டோபர் ஆனது. அடுத்த மதிப்பீடு 2026 க்கு என்று குறிக்கப்பட்டதால் மத்திய வங்கி வங்கிகளை நெருக்குகிறது, வங்கிகள் உங்களைக் கேட்கின்றன. பெரிய முதலைகளை விட்டுவிட்டு வீடு திருத்துகிறவர்களைத்தான் கேட்கிறார்கள் என்று இங்கே பலர் முணுமுணுப்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. அதற்காக நீங்கள் படிவத்தை நிரப்பாமல் இருக்க முடியாது.

உண்டியலை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. யுத்த காலத்தில் வங்கி எட்டாத இடங்களில் எத்தனையோ அடுப்பு அதனால் எரிந்தது. 2021 கடைசியில் டொலரை 203 ரூபாய்க்குள் கட்டி வைத்திருந்தபோது, வெளியே கூடத் தந்தவரிடம் சனம் போனதும் விளங்குகிறது. ஆனால் 2022 மார்ச்சில் அந்தக் கட்டை அவிழ்த்த பிறகு வங்கி வீதம் சந்தையோடு போகிறது. இன்று மிஞ்சுகிற சில ரூபாய் வித்தியாசத்துக்கு இந்த ஆபத்து பெறுமதி இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: அண்ணா அனுப்பிய காசு, வீடு திருத்த, போட்டவர்களைத் தெரியாது. தெரியாதவரை “மாமா” என்று எழுதினால் அந்தப் பொய்தான் பிறகு நிற்கும். அண்ணாவின் வதிவிட, வேலை ஆவணப் பிரதிகளையும் திருத்த வேலைப் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள். இதுவரை வந்தது பெரிய தொகை என்றால் கையொப்பம் வைக்கமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். உண்டியலை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அண்ணா தன் வங்கியால் அனுப்பலாம், அல்லது கனடாவில் காசுப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கிற அரச அமைப்பான ஃபின்ட்ராக்கில் (FINTRAC) பதிந்த அனுப்பு நிறுவனத்தால் அனுப்பலாம். உங்கள் பெயரில் ஒரு தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்தால் டொலராகவே வைத்திருந்து, கல்லும் சீமெந்தும் வாங்கும்போது மட்டும் மாற்றலாம்.

காணி விடயத்தில் அவசரப்படாதீர்கள். அண்ணா கனேடியக் குடியுரிமை மட்டும் வைத்திருந்தால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே தன் பெயரில் காணி வாங்குவது பொதுவாக முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும். அப்படி அவர் பெயரில் வாங்குவதென்றால் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதன் வழியாகக் காசைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பின்னொரு நாள் விற்றால் அந்தக் காசைத் திரும்பக் கனடாவுக்குக் கொண்டுபோக அதுதான் வழி. உங்கள் பெயரில் எழுதுவதென்றால் இது அன்பளிப்பா, நம்பிக்கையில் வைத்திருப்பதா என்பதை அண்ணாவோடும் அண்ணியோடும் இப்போதே பேசி எழுத்தில் வையுங்கள். நொத்தாரிசிடம் முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.