அமெரிக்க சிட்டிசனா வெளிநாடு போறீங்களா? இந்த வாரக் கேள்விகள்

போர்ச்சுகலுக்கு போயிட்டா அமெரிக்காவுக்கு டாக்ஸ் கட்ட வேணாம்ல? (டெக்சாஸ்)

யார் சொன்னா? சிட்டிசனா இருக்கற வரைக்கும் எங்க சம்பாதிச்சாலும் வருஷா வருஷம் 1040-ங்கற வருமான வரி ஃபாரத்தை ஃபைல் பண்ணணும். சம்பளத்துல சுமார் 1,30,000 டாலர் வரைக்கும் கழிச்சுக்கலாம், 12 மாசத்துல 330 நாள் வெளிய இருந்தா. ஆனா ஃபைல் பண்ணினாதான் அதுவும். பென்ஷன், வட்டி இதுல வராது.

மெடிகேர் (வயசானவங்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவ இன்சூரன்ஸ்) பார்ட் பி-ய, அதாவது டாக்டர் செலவுக்கான பகுதிய, நிறுத்திடலாமா?

வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்லுக்கு மெடிகேர் அநேகமா ஒண்ணும் தராது. ஆனா நிறுத்திட்டு பின்னாடி திரும்பி வந்து சேர்ந்தா, விட்ட ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் ஏறும், ஆயுசுக்கும். திரும்பி வர்ற நினைப்பிருந்தா கட்டிட்டே இருங்க.

சென்னைக்கே திரும்பப் போறோம். அங்க 3 அக்கவுண்ட், ஒவ்வொண்ணுலயும் 10,000 டாலருக்கு கம்மிதான், அப்போ எஃப்பார் (வெளிநாட்டு அக்கவுண்ட் விவரத்தை அமெரிக்க அரசுக்கு குடுக்கற ஃபாரம்) வேணாம்தானே? கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டும் இருக்கு. (நியூஜெர்சி)

எத்தனை தடவைங்க சொல்றது! தனித்தனியா இல்ல, எல்லாத்தையும் கூட்டிப் பாக்கணும். வருஷத்துல ஒரே ஒரு நாள் மொத்தம் 10,000-ஐ தாண்டினாலும் எஃப்பார் போடணும், அப்பாவோட ஜாயின்ட்டா வச்சிருக்கற எஃப்டியும் சேர்த்தி. ஆன்லைன்ல ஃப்ரீதான், போடாம விட்டா தெரியாம செஞ்ச தப்புக்கே வருஷத்துக்கு 10,000 டாலரைத் தாண்டியும் ஃபைன் போடலாம். யாருக்கு தெரியப்போகுதுன்னு நினைக்காதீங்க, 2015-ல ஃபாட்கா (அமெரிக்கர்களோட வெளிநாட்டு கணக்குகளை தெரிவிக்கச் சொல்ற அமெரிக்க சட்டம்) ஒப்பந்தம் இந்தியாவோட கையெழுத்தானதுலேர்ந்து இந்திய பேங்குங்க உங்க விவரத்தை அனுப்பிட்டுதான் இருக்கு.

அடுத்து அந்த ஃபண்டு. எனக்கு எரிச்சலே இதுலதான். பேங்க்ல உக்கார வச்சு காபி குடுத்து பேசற ரிலேஷன்ஷிப் மேனேஜர், பேங்க் ஃபாரத்தோட ஃபாட்கா பக்கத்துல அமெரிக்க சிட்டிசன்னு நீங்க டிக் அடிக்கறத பாத்துக்கிட்டே எஸ்ஐபி (மாசா மாசம் ஃபண்டுல போடறது) ஃபாரத்தையும் நீட்டுவாரு. இந்திய மியூச்சுவல் ஃபண்டு அமெரிக்க வரிக் கணக்குல பிஃபிக், அதாவது தனி வரி விதி இருக்கற வெளிநாட்டு முதலீட்டு கம்பெனி. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனியா 8621-ங்கற ஃபாரம், சும்மா விட்டு வச்சு வித்தா லாபத்துல பெரும்பகுதிக்கு உச்ச வரி, அதுக்கு மேல வட்டி. ஆடிட்டர் ஃபீஸே ஃபண்டு லாபத்த முழுங்கிடும். புதுசா ஒண்ணும் போடாதீங்க, இருக்கறத விக்கறதுக்கு முன்னாடி பிஃபிக் தெரிஞ்ச ஆள பாருங்க. எஃப்பார மறக்காதீங்க.

மைக்ரோவேவ் எடுத்துட்டு போலாமா?

வேணாம். 120 வோல்ட் பொருளை வித்துட்டு போங்க. 100-240ன்னு போட்ட லேப்டாப் சார்ஜருக்கு பிளக் மாத்தினா போதும்.

எந்த நாடு பெஸ்ட்? சீக்கிரம் சொல்லவும்.

வயசு, வருமானம், குழந்தைங்க, எதையும் எழுதல. எனக்கு ஜோசியம் தெரியாது.

ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டு சிட்டிசனுக்கு இந்தியா குடுக்கற கார்டு) வச்சு தஞ்சாவூர்ல வயல் வாங்கலாமா?

முடியாது. வீடு, ஃபிளாட் ஓகே. வயல், தோட்டம், பண்ணை வீடு கூடாது. அப்பா நிலம் வாரிசா வந்தா வச்சுக்கலாம். மச்சான் பேர்ல வாங்கற ஐடியாவ எனக்கு எழுதாதீங்க.

பிறந்தது ஒஹையோ, இருக்கறது கலிஃபோர்னியா. பர்த் சர்டிஃபிகேட்டுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுபடியாக போடற அரசு முத்திரை) எங்க வாங்கணும்?

ஒஹையோலதான். எஃப்பிஐ சர்டிஃபிகேட்டுக்கு (குற்றப் பதிவு விவரம்) மட்டும் அமெரிக்க மத்திய அரசோட வெளியுறவுத் துறை. அதை ரொம்ப முன்னாடியே எடுத்து வைக்காதீங்க, பழசுன்னு திருப்பிடுவாங்க.