நம் பெயரில் 85, டாக்டர் பெயரில் 100: மெடிக்கேர் பில்லிங் கேள்வி பதில்

அரிசோனாவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளியைப் பார்த்து மருந்து எழுத உரிமம் பெற்ற நர்ஸ். பில்லிங்குக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாததால் மெடிக்கேருக்கு (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) க்ளெய்ம் போடுவதும், அதாவது பணம் கேட்டு பில் அனுப்புவதும், நானேதான். அந்தத் தைரியத்தில் மெடிக்கேர் பற்றி "கேளுங்கள்" என்றேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, டாக்டர் பார்க்கும் அதே நோயாளியை நாம் பார்த்தால் 85 சதவீதம்தானாமே?

ஆமாம். முன்பெல்லாம் கிராமப்புறம் மாதிரி சில இடங்களில்தான் நம் பெயரில் நேரடியாக பில் போட முடியும். 1997-ல் வந்த சட்டம் அதை மாற்றியது. 1998 ஜனவரி 1 முதல் எந்த ஊரில் இருந்தாலும் போடலாம், ஆனால் டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம்தான். பட்டியலில் 100 டாலர் என்றால் நம் கணக்கு 85. டிடக்டிபிள் (வருடத்தில் முதலில் நோயாளியே கட்ட வேண்டிய தொகை) முடிந்திருந்தால் அதில் 68 மெடிக்கேர் தரும், 17 நோயாளியோ அவருடைய துணைக் காப்பீடோ தர வேண்டும். அந்த 68-லும் சீக்வெஸ்ட்ரேஷன் (அரசின் செலவுக் குறைப்பு) என்று 2 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். குறைந்த 15-ஐ நோயாளியிடம் வாங்கவும் வழியில்லை. அசைன்மென்ட், அதாவது மெடிக்கேர் நிர்ணயிக்கும் தொகையையே முழுக் கட்டணமாக ஏற்பது, நமக்குக் கட்டாயம்.

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மெடிக்கேர் பதிவு இன்னும் வரவில்லை. "வரும்வரை டாக்டர் பெயரில் போட்டுக்கொள்ளலாம், 100 சதவீதம் கிடைக்கும்" என்கிறார் மேனேஜர். சரியா?

பதிவு வரவில்லை என்பதற்காக டாக்டர் பெயரில் போடக் கூடாது. மேனேஜர் சொல்வது ‘இன்சிடென்ட் டூ’, டாக்டரின் சிகிச்சையின் தொடர்ச்சியாக நாம் செய்வதை டாக்டர் பெயரில் போடும் முறை. அதற்கு நிபந்தனைகள் உண்டு. அந்த நோயை டாக்டர் முதலில் பார்த்து, சிகிச்சைத் திட்டம் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் அதைத் தொடர்கிறீர்கள், அவ்வளவுதான். அன்றைக்கு டாக்டரின் நேரடி மேற்பார்வையும் இருக்க வேண்டும். புது நோயாளிக்கு இது பொருந்தாது, பழைய நோயாளியின் புதுத் தொந்தரவுக்கும் பொருந்தாது.

சொல்ல எளிது, நடப்பது வேறு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சர்க்கரைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பாட்டி ஒருவர் இருந்தார். டாக்டர் போட்ட திட்டம், நான் மாத்திரை அளவு பார்ப்பேன், அதுவரை சரி. ஒருநாள் எல்லாம் முடிந்து எழுந்தவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, மூன்று நாளாக நெஞ்சு படபடக்கிறது என்றார். திரும்ப உட்காரவைத்து ஈசிஜி எடுத்தேன். அந்த நிமிடத்திலிருந்து அது என் விசிட். என் பெயரில், 85 சதவீதத்தில் போக வேண்டியது. பணம் வந்த விவரத்தாளைப் பார்த்தால் டாக்டர் பெயரில் போயிருக்கிறது. டாக்டரோ அந்த வாரம் முழுக்க விடுப்பில்! பில்லிங்கில் கேட்டேன். "எப்பவும் இப்படித்தானே போடறோம்" என்றார்கள். எழுத்தில் கொடுத்தபிறகு திருத்தினார்கள். நான் அங்கே அதிக நாள் நீடிக்கவில்லை.

கூடுதலாக வாங்கியது தெரிந்தால் 60 நாளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது விதி. தெரிந்தே விட்டால் பொய் க்ளெய்ம் சட்டம் பாயும்; இழப்பைப் போல் மூன்று மடங்கும் அதற்குமேல் அபராதமும். சார்ட்டில் கையெழுத்து உங்களுடையது என்பதை மறக்காதீர்கள். பதிவு கிடைத்தபின், விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதிக்கு 30 நாள் முன்புவரை பின்னோக்கி உங்கள் பெயரிலேயே போட இடமுண்டு. மேனேஜரிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: க்ளெய்ம் போன வேகத்தில் திரும்பி வருகிறது. நோயாளியை அடையாளம் காண முடியவில்லையாம். நோயாளி எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்!

கார்டை வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மெடிக்கேர் எண்ணில் 11 இடம். அதில் எஸ், எல், ஓ, ஐ, பி (B), இசட் என்ற ஆறு எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். என் முன்மேசைப் பெண் ‘ஓ’ என்று அடித்ததில் ஒரு வாரம் போனது.

நம் ஊர்க்காரர் என்றால் பெயரையும் பாருங்கள். இனிஷியலோடு வாழ்ந்தவர்களை முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்கும்போது அப்பா பெயர் முன்னால் போய்விடும். கார்டில் எப்படியோ அப்படியே போடுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். இப்படித் திரும்புவதைச் சரிசெய்து மறுபடி அனுப்பினால் போதும். பரிசீலித்து மறுத்திருந்தால்தான் மேல்முறையீடு. முதல் படிக்கு 120 நாள் அவகாசம். எப்படியானாலும் நோயாளியைப் பார்த்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் க்ளெய்ம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வருடாந்திர விசிட் இலவசம் என்று கூட்டிப்போனேன். பில் வந்திருக்கிறதே, மேடம்?

அந்த இலவச விசிட், தலை முதல் கால்வரை சோதிக்கும் செக்கப் இல்லை. எடை, ரத்த அழுத்தம், ஞாபக சக்தி, அடுத்து என்ன தடுப்பூசி, விழுந்துவிடும் அபாயம் உண்டா என்று பேசித் திட்டம் போடுவது. நடுவில் அம்மா "முட்டி வலிக்குது" என்று சொல்லி, அதற்கு வைத்தியமும் பார்த்தால், 25 என்ற மாடிஃபையரோடு (அதே நாளில் தனியாகப் பார்த்த விசிட் என்று காட்டும் குறி) இன்னொரு விசிட் சேரும். அதில் 20 சதவீதம் உங்கள் பங்கு. தப்பில்லைதான், ஆனால் முட்டியைத் தொடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லிவிடுவேன், பாதிப் பேர் "அப்போ அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார்கள்.

கேள்வி: கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு மெடிக்கேர் உண்டா?

65 வயதும், இங்கே தொடர்ந்து 5 வருட வாசமும் ஆகியிருந்தால் பணம் கட்டி வாங்கலாம். பார்ட் ஏ (மருத்துவமனைச் செலவுக்கானது) இலவசமாக வர 40 காலாண்டு வேலைக் கணக்கு வேண்டும். அதற்கு மகனோ மகளோ கட்டிய வரி சேராது. தகுதி வந்தும் தள்ளிப்போட்டால் பார்ட் பி (டாக்டர், கிளினிக் செலவுக்கானது) பிரீமியம் ஒவ்வொரு முழு வருடத் தாமதத்துக்கும் 10 சதவீதம் ஏறும். விசிட்டர் விசாவுக்கு எதுவும் இல்லை.

கேள்வி: மெடிக்கெய்டும் இதே 85-தானா?

மெடிக்கெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அரிசோனாவில் அதற்கு ‘அக்சஸ்’ என்று பெயர். உங்கள் மாநிலக் கட்டணப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: எதற்கெல்லாம் இன்னும் டாக்டர் கையெழுத்து தேவை?

வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் சேவைக்கு 2020 முதல் நாமே சான்று தரலாம். சர்க்கரை நோயாளிக்கான ஷூவுக்கோ இன்னும் டாக்டர்தான் தர வேண்டும். இன்சுலின் எழுதுவேன், காலில் புண் இருந்தால் கட்டுவேன், ஷூ வேண்டும் என்றால் எட்டு மைல் தள்ளி இருக்கும் டாக்டருக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். இப்போதும் ஒன்று நிலுவையில் இருக்கிறது.