லேபர் வெட்டு யார் தலையில்?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் தடுப்புச் சுவரில் உரசிவிட்டது. வண்டி வாங்கி நான்கு வருடம் இரண்டு மாதம். இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதியுள்ள பட்டறையில் விட்டேன். எஸ்டிமேட் 50,000 ரூபாய். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒப்புக்கொண்டது 34,100. "கம்பெனிக்காரன் லேபரை வெட்டிட்டான், மிச்சம் 15,900 நீங்க கட்டணும்" என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முழுவதையும் கட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லேபரில் வெட்டியது 5,000 மட்டும்தான். மீதி 10,900 பாலிசிப்படி எப்படியும் உங்கள் பங்கு. பட்டறைக்காரர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் வைக்கிறார்.

உங்கள் பங்கு எப்படி வந்தது? பம்பர் பிளாஸ்டிக், அதற்குத் தேய்மானம், அதாவது பொருள் பழசானதற்கான கழிவு, பாதி; 6,000-இல் 3,000. ஃபெண்டரும் டோரும் தகரம், சேர்த்து 14,000. நான்கு முடிந்து ஐந்துக்குள் இருக்கும் வண்டிக்குத் தேய்மானம் 35 சதவீதம், ஆக 4,900. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. பம்பர் டூ பம்பர் பாலிசி எடுத்திருந்தால் இந்தத் தேய்மானம் வந்திருக்காது.

இன்னும் 2,000 பெயிண்டில் போயிருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பெயிண்ட் வேலையில் தேய்மானம் மருந்துக்கு, அதாவது பெயிண்ட், தின்னர் வகையறாவுக்கு மட்டும்தான் உண்டு. ஆள் கூலிக்குக் கிடையாது. மருந்தையும் கூலியையும் சேர்த்து ஒரே தொகையாக பில் போட்டால், அதில் கால்வாசியை மருந்து என்று எடுத்துக்கொண்டு, அந்தக் காலில் பாதியைக் கழிப்பார்கள். உங்கள் 16,000-க்குக் கால் 4,000, அதில் பாதி 2,000. சரியாகத்தான் இருக்கிறது. "பெயிண்ட்ல பாதி உங்களுது சார்" என்று யாராவது 8,000 கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அந்த 5,000. டிங்கரிங், கழற்றி மாட்டும் கூலி என்று பட்டறை 14,000 போட்டது, சர்வேயர் 9,000 எழுதினார். கேஷ்லெஸ் பட்டறை என்றாலே கம்பெனியோடு ரேட் பேசிக் கையெழுத்துப் போட்ட பட்டறை. வண்டி நிறைய வரும் என்று கூலியைக் குறைத்து ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். கட்டுபடியாகவில்லை என்றால் கம்பெனியிடம் போய்ச் சண்டை போடட்டும். நடுவில் நீங்கள் எதற்கு?

பட்டறைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. டோரின் கீழ் மடிப்பில் விழுந்த நெளிவை எடுக்க உள்பக்கத்து அட்டையைக் கழற்றி, டாலி என்ற இரும்புக் கட்டையை ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் சுத்தியலால் பொறுமையாகத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் தகரம் இழுபட்டு, பட்டியை அப்பித்தான் மறைக்க முடியும். அந்த அரை நாள் வேலையை போனில் நாலு போட்டோ பார்த்துவிட்டு "மைனர் டென்ட்" என்று ஒரு சொல்லில் முடிக்கிறார்கள். சர்வேயராக இருந்த காலத்தில் நானும் அப்படி எழுதியவன்தான். வெட்டுவார்கள் என்று தெரிந்து பட்டறை ஏற்றிப் போடும், ஏற்றிப் போடுவார்கள் என்று தெரிந்து சர்வேயர் வெட்டுவார். இந்தக் கூத்துக்கு ஒரு முடிவே இல்லை.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இடையில் நிற்கும் ஆட்கள் மேல். அடிவாரத்தில் ரெக்கவரி வண்டியோடு வந்து "நமக்குத் தெரிஞ்ச பட்டறை, கிளெய்ம் எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்பவருக்கு அந்தப் பட்டறையில் கமிஷன் இருக்கும். அந்தக் கமிஷன் உங்கள் எஸ்டிமேட்டில்தான் ஏறும். கேட்டால் வெற்று கிளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். "வேலை திருப்தி" என்ற தாளிலும் வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்க்காமல் போட வேண்டாம். போட்ட பிறகு என்னிடம் வந்து அழுதவர்கள் நிறைய.

இப்போது செய்ய வேண்டியது: இன்றே கம்பெனிக்கு ஒரு மெயில். சர்வே ரிப்போர்ட்டின் நகலையும், இந்தப் பட்டறையோடு லேபர் ரேட் ஒப்பந்தம் உண்டா என்ற பதிலையும் எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. அதே கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கும் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அதுவரை வண்டி இல்லாமல் முடியாது என்றால் 10,900-ஐக் கட்டிவிட்டு வண்டியைக் கேளுங்கள். 5,000 இல்லாமல் சாவி தரமாட்டேன் என்றால் அதையும் கொடுங்கள்; ஆனால் ரசீதில் "கம்பெனி ஒப்புக்கொள்ளாத லேபர் வித்தியாசம்" என்று தனியாக எழுதி சீல் வைத்து வாங்குங்கள். அப்படி எழுதச் சொன்னதுமே தொகையைப் பாதியாகக் குறைத்த பட்டறைகளை இதே சேலத்தில் பார்த்திருக்கிறேன்.